எவ்வளவு கொடுக்கும்?

புதிய கார் ஒன்றின் முன் நிற்கும் தமிழர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது: “லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?” இந்தி பேசுவோர் ‘கித்னா தேதி ஹை?’ என்கின்றனர். வங்காளத்திலும் வண்டி ‘தேய்’, அதாவது தருகிறது. மூன்று மொழிகளிலும் வினைச்சொல் ஒன்றே, எழுவாயும் ஒன்றே. வண்டிதான் கொடுக்கிறது, பசு பால் கொடுப்பதைப் போல, தென்னை காய் கொடுப்பதைப் போல.

இதே மொழிகளில் பழைய வண்டிக்கு வேறொரு வினை காத்திருக்கிறது. பழைய வண்டி எண்ணெய் ‘குடிக்கிறது’. இந்தியிலும் அது குடிக்கிறது. வங்காளத்தில் ‘காய்’, அதாவது உண்கிறது. நீரையும் தேநீரையும் புகையையும்கூட ‘உண்ணும்’ மொழி அது. ஆக, புதியது கறவை மாடு, பழையது குடிகாரன். வாங்குபவர் கணக்குப் போடத் தொடங்கும் முன்பே மொழி தன் தீர்ப்பை எழுதிவிடுகிறது. ‘மைலேஜ்’ என்னும் சொல்லின் பிழைப்பும் வேடிக்கையானது. 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தோடு இந்தியச் சாலைகளிலிருந்து மைல் விடைபெறத் தொடங்கியது. மைல் போயிற்று, மைலேஜ் நின்றுவிட்டது.

பழைய காரைக் கொடுத்துவிட்டு, எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் புதிய காரைப் பெறுவது நடுத்தரக் குடும்பங்களுக்கு ஒரு விழாக்காலச் சலுகை. ஹவுராவில் அதன் பொருள் வேறு. அங்கே கார் என்பது பலருக்கு அரை நூற்றாண்டுக் காலம் ஒரே ஒரு காரைக் குறித்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் தொழிற்சாலை, ஹவுராவிலிருந்து வடக்கே சில மைல் தொலைவில், ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தர்பாராவில் இருந்தது. ஆங்கிலேய மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசை மாதிரியை அடியொற்றி, 1950களின் இறுதியில் அங்கே அம்பாசடர் உருவாகத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டு மே 24 அன்று உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2017இல் அம்பாசடர் என்னும் பெயர் பிரெஞ்சு நிறுவனமான பெஜோவுக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஹவுராவிலிருந்து பர்த்வான் செல்லும் மின்ரயில்கள் இன்றும் ‘ஹிந்த் மோட்டார்’ என்னும் நிலையத்தில் நின்றே செல்கின்றன. ஆலையும் காரும் நின்றபின், பெயர்ப்பலகை மட்டும் ரயிலை நிறுத்திக்கொண்டிருக்கிறது.

ஹவுரா நிலையத்தின் டாக்சி வரிசையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற ஓட்டுநர் ஒருவர் உண்டு. கொல்கத்தா டாக்சி ஓட்டுநர்களில் பலரைப் போல அவரும் பீகாரிலிருந்து வந்தவர். பயணிகள் அவரை ‘தாதா’ என்பர். வயதில் இளையவர்கள் ‘காக்கா’ என்பர். தமிழ்க் காதுக்குப் பறவையாக ஒலிக்கும் அச்சொல் அங்கே சித்தப்பாவைக் குறிக்கும். வேலூர் மருத்துவமனைக்குச் சென்று திரும்பும் வங்காளக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் ஏற்றியிறக்கியதால் ‘மெதுவா’, ‘தண்ணி’, ‘சரி சரி’ என்னும் மூன்று தமிழ்ச் சொற்கள் அவரிடம் சேர்ந்திருந்தன. வேலூரில் தங்கிய நாட்களில் அக்குடும்பங்கள் கற்றவற்றின் மிச்சம் அது.

வாழ்வில் இருமுறை அவர் பழைய காருக்குப் புதிய காரை மாற்ற நேர்ந்தது. இரண்டுக்கும் காரணம் ஒரே எண்: பதினைந்து.

ஹவுராவைச் சேர்ந்த சூழலியல் செயற்பாட்டாளர் சுபாஷ் தத்தா தொடுத்த வழக்கில், கொல்கத்தா பெருநகரப் பகுதியில் 15 ஆண்டைக் கடந்த வணிக வண்டிகள் ஓடக்கூடாது எனக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 2008இல் ஆணையிட்டது. 2009 ஆகஸ்டு முதல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது ஓட்டுநர் தம் பழைய அம்பாசடரைக் கொடுத்து, ஒரு புதிய அம்பாசடரை வாங்கினார். பழையதன் உதிரிகள் புதியதற்கும் பொருந்தின. அதே மிஸ்திரி, அதே பட்டறை, அதே மேல்கேரியர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 83ஆம் பிரிவு, பெர்மிட் வைத்திருப்பவர் தம் வண்டிக்கு மாற்றாக ‘அதே இயல்புடைய’ வேறொரு வண்டியை, அனுமதி பெற்று, வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அத்தொடர் 2009இல் அவர் வாழ்வில் எழுத்துக்கு எழுத்து உண்மையாயிற்று.

அன்று அவரைப் போலவே பலர் ஒரே நேரத்தில் வண்டி மாற்றினர். ஆகவே அந்தப் புதிய வண்டிகள் அனைத்தும் ஒரே காலத்தில் மூப்படைந்தன. 2009உடன் 15ஐக் கூட்டினால் 2024. இடையில் 2022 ஜூலையில், கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் ஓடும் 15 ஆண்டு கடந்த வண்டிகளை ஆறு மாதத்துக்குள் விலக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் ஆணையிட்டது. வழக்காடியவர் அதே சுபாஷ் தத்தா. 2024இல் ஏறத்தாழ 7,000 மஞ்சள் டாக்சிகள் எஞ்சியிருந்தன. அவற்றின் பெரும்பகுதி கெடுவை நெருங்கிக்கொண்டிருந்தது. இம்முறை மாற்றிக்கொள்ள அம்பாசடர் இல்லை.

சட்டத்தின் நோக்கம் ஐயத்துக்கு இடமற்றது. டீசல் புகை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் இடம்பெறுகிறது என உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. 2009இல் வாங்கிய அந்த அம்பாசடர் பாரத் நிலை 3 விதிகளின் கீழ்ப் பிறந்தது. 2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கப்படுபவை நிலை 6. அந்தப் புகையை நாள்தோறும் முதலில் மூச்சிழுத்தவரும் அந்த ஓட்டுநரே. குளிர்காலத்தில் ஹூக்ளியின்மேல் பனியும் புகையும் கலந்து நிற்கும்போது, நிலைய வாயிலில் பத்து மணி நேரம் காத்திருப்பவருக்கு மஞ்சள் டாக்சி பற்றிய அழகியல் ஏக்கங்களில் ஆர்வமில்லை. அந்த ஏக்கம் பெரும்பாலும் சாளரத்துக்கு வெளியிலிருந்து படம் எடுப்பவர்களுடையது.

காட்சியகத்தில் அவருக்குக் காட்டப்பட்டது, சிஎன்ஜியில் ஓடும் சிறிய கார். ஒரு கிலோவுக்கு 34 கிலோமீட்டர் என்பது நிறுவனத்தின் அறிவிப்பு. விற்பனையாளர் நேர்மையானவர். நகர நெரிசலில் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பழைய அம்பாசடர் தருவது லிட்டருக்குப் பத்து. நாளுக்கு 100 கிலோமீட்டர் ஓட்டினால், பழையதற்கு 10 லிட்டர் டீசல், புதியதற்கு 4 கிலோ வாயு. இரண்டுக்கும் விலை ஏறத்தாழ 90 ரூபாய் என எளிமைப்படுத்திக்கொண்டால், 900 ரூபாய்ச் செலவு 360ஆகக் குறைகிறது. நாளுக்கு 540 ரூபாய் மிச்சம். மாதத்தில் 25 நாள் ஓடினால் 13,500. ஆறு இலட்ச ரூபாய்க் கடனுக்குப் பத்து விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 12,750. “பார்த்தீர்களா, வண்டி தன் தவணையைத் தானே கட்டிக்கொள்ளும்” என்றார் விற்பனையாளர். கணக்கில் பிழையில்லை.

இங்கே ‘கொடுக்கும்’ என்னும் வினையின் சூழ்ச்சியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு லாரிக், ஜாக் சோல் ஆகிய இருவர் 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். எரிபொருளை ‘ஓர் அளவுக்கு எத்தனை தூரம்’ என்று சொல்லும்போது மக்கள் சேமிப்பைத் தவறாகக் கணிக்கின்றனர் என்பது அதன் சாரம். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் தரும் வண்டியை 12 தரும் வண்டிக்கு மாற்றுவதும், 17 தருவதை 34 தருவதற்கு மாற்றுவதும் ஒப்பிடத்தக்கவை. இரண்டாவதே பெரிய பாய்ச்சல் என்று காது நம்புகிறது. நூறு கிலோமீட்டருக்கு எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டால் விடை தலைகீழாகிறது: முதல் மாற்றத்தில் 12.5 லிட்டர் 8.3ஆகக் குறைந்து, 4 லிட்டருக்கு மேல் மிச்சம்; இரண்டாவதில் 5.9 லிட்டர் 2.9ஆகக் குறைந்து, மூன்று லிட்டர்கூட மிஞ்சுவதில்லை. ஐரோப்பியர் பலர் நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று குடிப்பதையே அளக்கின்றனர். ஏற்கெனவே நன்றாகத் தரும் வண்டியை மேலும் நன்றாகத் தருவதற்கு மாற்றுவோர் பெருமிதம் அடையலாம். பெரிய மிச்சம் மோசமான வண்டியைச் சுமாரான வண்டிக்கு மாற்றுவதில் இருக்கிறது. அந்த அளவில் அம்பாசடரை விலக்கும் முடிவு எரிபொருள் கணக்கில் சரியானதே.

அமெரிக்கா 2009இல் இதைப் பேரளவில் செய்து பார்த்தது. எண்ணெய் அதிகம் குடிக்கும் காரைக் கொடுத்துச் சிக்கனமானதை வாங்குவோருக்கு 3,500 அல்லது 4,500 டாலர் தள்ளுபடி. ஜூலை, ஆகஸ்டு இரு மாதங்களில் ஆறு இலட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் மாறின. திரும்பப் பெற்ற கார்கள் மீண்டும் ஓடிவிடக்கூடாது என்பதற்காக, எண்ணெய்க்குப் பதிலாகச் சோடியம் சிலிகேட் கரைசலை எஞ்சினில் ஊற்றி, அது இறுகிச் சாகும்வரை ஓடவிட்டனர். கொடுத்தவற்றின் சராசரி, நம் அளவில் லிட்டருக்கு 6.7 கிலோமீட்டர். வாங்கியவற்றின் சராசரி 10.6. அமெரிக்கா அரசுப் பணம் செலவழித்து அடைந்த சிக்கனம், ஹவுரா தன் பழைய அம்பாசடரில் ஏற்கெனவே வைத்திருந்த சிக்கனத்துக்கு ஏறக்குறைய சமம்! எப்படியும் சில மாதங்களில் நடந்திருக்கக்கூடிய விற்பனையே முன்னதாக நடந்தது என்று பின்வந்த பொருளியல் ஆய்வுகள் பல கூறின.

புதிய காரை உருவாக்கவே இரும்பும் மின்சாரமும் கரியும் செலவாகின்றன. ஆலையை விட்டு வெளிவருவதற்குள் ஒரு சிறு கார் சில டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிவிடுகிறது. நாளுக்கு 100 கிலோமீட்டர் ஓடும் டாக்சியை மேற்கண்டவாறு மாற்றினால், ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கரை டன் மிச்சமாகும்; ஒன்றிரண்டு ஆண்டில் அக்கடன் தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் திருமணங்களுக்கும் மட்டும் வெளியே வரும் குடும்பக் காரை எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. அது ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 12 தருவதை 20 தருவதற்கு மாற்றினால் மிஞ்சுவது நூறு லிட்டர் பெட்ரோல், அதாவது கால் டன்னுக்கும் குறைவான கரியமிலம். அந்தக் கடன் தீர்வதற்குள் புதிய காரும் பழையதாகிவிடும். இருவரையும் ஒரே விளம்பரம்தான் அழைக்கிறது.

ஓட்டுநரிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. ஒவ்வோர் இரவும் ஓடிய தூரத்தையும் வந்த பணத்தையும் இந்தி எண்களில் குறித்து வைப்பது அவர் பழக்கம். காட்சியகத்திலிருந்து திரும்பிய இரவு, அவர் முந்தைய ஆண்டின் பக்கங்களைக் கூட்டிப் பார்த்தார். நாளுக்குச் சராசரி 46 கிலோமீட்டர்.

நூறு எங்கே போயிற்று? முதலில் கைப்பேசிச் செயலிகள் வந்தன. பயணி வரிசைக்கு வராமலேயே வண்டியை அழைக்கத் தொடங்கினார். பிறகு 2024 மார்ச்சில் ஹூக்ளியின் அடியே மெட்ரோ ஓடத் தொடங்கியது. ஆற்றுக்குக் கீழே 520 மீட்டர், ஒரு நிமிடத்துக்கும் குறைவான பயணம். ஹவுராவிலிருந்து எஸ்பிளனேடு செல்ல பத்து ரூபாய் போதும். நெரிசலான பாலத்தில் அரை மணி ஊர்ந்து செல்லும் டாக்சியை இனி யார் தேடுவார்? கைப்பெட்டியோடு வரும் தனிப் பயணி தேடமாட்டார். எரிபொருள் சிக்கனம் என்னும் நோக்கில் பார்த்தால் மெட்ரோவே மிகச் சிறந்த ‘மாற்று’. அதில் ஓட்டுநருக்கு வருத்தமில்லை. அவர் மகளே அதில்தான் கல்லூரிக்குச் சென்றுவந்தாள்.

46 கிலோமீட்டருக்கு விற்பனையாளரின் கணக்கை மீண்டும் போட்டால் நாளுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 250 ரூபாய். மாதம் 6,200. தவணை மட்டும் அதே 12,750. பழைய வண்டியின் பழுதுபார்ப்புச் செலவு மிஞ்சுவதைச் சேர்த்துக்கொண்டாலும் மாதந்தோறும் சில ஆயிரம் துண்டு விழும். நாளுக்கு 94 கிலோமீட்டர் ஓடினால்தான் மிச்சமும் தவணையும் சந்திக்கும். எரிபொருள் சிக்கனம் ஓடும் வண்டிக்கு மட்டுமே கிடைக்கும் வருவாய். தவணை நிற்கும் வண்டியிலும் ஓடிக்கொண்டிருக்கும். பழைய அம்பாசடர் ஓடும்போது குடித்தது. நிலைய வாயிலில் நாலு மணி நேரம் நின்றபோது எதுவும் குடிக்கவில்லை. புதியது நின்றுகொண்டே குடிக்கும். காட்சியகத்தில் ‘எவ்வளவு கொடுக்கும்?’ என்று கேட்டவர், ‘நிற்கும்போது எவ்வளவு குடிக்கும்?’ என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்பதற்கு வழக்கில் ஒரு வாக்கியமும் இல்லை.

பழையதற்கு என்ன கிடைக்கும் என்பதும் எளிய கணக்கே. 2021இல் ஒன்றிய அரசு அறிவித்த பழைய வாகன அழிப்புக் கொள்கை, அழிக்கத் தரப்படும் வண்டிக்கு, புதிய வண்டியின் விலையில் 4 முதல் 6 விழுக்காடு வரை மதிப்புக் கிடைக்கும் என்றது. ஆறரை இலட்ச ரூபாய்க் காருக்கு அது 26,000 முதல் 39,000 வரை. ஏறத்தாழ ஒரு டன்னுக்குச் சற்று மேற்பட்ட இரும்பின் எடைக்கு அதுவே விலை. லிலுவாவின் பழைய இரும்புச் சந்தைக்காரர் சொல்வதும் அதை ஒட்டியே இருக்கும். தமிழில் இத்தகைய இடத்துக்குக் ‘காயலான் கடை’ என்று பெயர். பழைய உலோகம் வாங்கி விற்ற காயல்பட்டினத்து வணிகரிடமிருந்து அப்பெயர் வந்தது என்பர். அங்கே தராசு ஒன்றுதான் உண்டு. எஞ்சினை மும்முறை பிரித்துக் கோத்த மிஸ்திரியின் கையும், பெலிலியஸ் சாலையின் லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய புஷ்ஷும் எடையில் ஏறா. ஹவுராவின் பட்டறைகள் இருக்கும்வரை அம்பாசடரில் செய்ய முடியாத பழுது இல்லை. புதிய காரின் மின்னணுப் பெட்டியை லேத்தில் கடைய முடியாது.

ஒரே வயதுடைய இரண்டு வண்டிகளில் ஒன்று புகை கக்கலாம், மற்றொன்று சோதனையில் தேறலாம். பிறந்த ஆண்டை மட்டும் பார்க்கும் விதிக்கு அந்த வேறுபாடு தெரியாது. நிர்வாகத்துக்கு எளிது என்பதற்காகவே வயது அளவுகோலாகிறது. புகையை அளப்பதற்குக் கருவியும் நேர்மையும் ஒருங்கே வேண்டும். இந்நாட்டில் புகைச் சான்றிதழ் எவ்வாறு கிடைக்கிறது என்பதை அறிந்தவர்கள், வயதை நம்பும் நீதிபதியை எளிதில் குறைகூற மாட்டார்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது. மாற்றத்தின் பயன் நகரத்தின் நுரையீரல் அனைத்துக்கும் சேர்கிறது. விலையை மட்டும் 58 வயதில் ஐந்தாண்டுக் கடனாக ஒருவர் சுமக்க வேண்டியிருக்கிறது. தூய காற்றுக்கான செலவில் பாதியையாவது, அக்காற்றை மூச்சிழுக்கும் நகரம் ஏற்பதே முறை.

ஓட்டுநர் கடன் வாங்கவில்லை. 2024 இறுதியில் தம் வண்டியைக் கொடுத்துவிட்டார். இப்போது வேறொருவருக்குச் சொந்தமான சிஎன்ஜி காரை நாள்வாடகைக்கு ஓட்டுகிறார். வாடகை முன்பு பழைய வண்டிகளுக்கு இருந்ததைவிடக் கூடுதல். புதிய வண்டியின் தவணை உரிமையாளரிடமிருந்து அந்த வடிவில் அவரிடம் வந்து சேர்கிறது. வாயுவுக்கான செலவு அவருடையது, அது குறைவே. முதுகுவலி குறைந்திருக்கிறது என்றும், குளிர்சாதனம் நன்றாக இருக்கிறது என்றும், ஸ்டியரிங்கை இப்போது ஒரு விரலால் திருப்பலாம் என்றும் மறைக்காமல் சொல்கிறார்.

மாற்றத்தில் அவர் முணுமுணுப்பது டிக்கியைப் பற்றி மட்டும். சிஎன்ஜி சிலிண்டர் அதன் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. வேலூருக்குப் புறப்படும் குடும்பம் ஒன்று அண்மையில் நிலையத்துக்கு வர அவரை அழைத்தது. நோயாளி ஒருவர், உடன் மூவர், இரண்டு பெட்டிகள், ஒரு மூட்டைப் படுக்கை, அரிசி, ஸ்டவ், எக்ஸ்ரே உறைகள். அம்பாசடரில் நோயாளி பின்னிருக்கையில் தலைசாய்த்துப் படுத்திருப்பார். மற்றவை டிக்கியிலும் கேரியரிலும் ஏறியிருக்கும். இம்முறை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டும் இடம் போதவில்லை. கிலோவுக்கு 25 கிலோமீட்டர் தரும் இரண்டாவது வண்டி ஒன்றையும் அழைக்க வேண்டியிருந்தது.